ஏழு இஸ்திரிப் பெட்டிகள்

போன மே மாதம் ஒரு நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கோபப்படுவார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் எல்லோரும் உங்கள் ஊர் என்றே நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு இரண்டாவதுதான் தேவை.

புதுக் கட்டடம். சாலை, சாக்கடை, குடிநீர், கட்டட அனுமதி என்று பொறியியல் பிரிவு மொத்தமும் அதில்தான். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, மிச்ச இடத்தில் பளபளவென்று அலுமினியப் பலகை. வாசலில் 'நகராட்சி' என்ற போர்டு இல்லாவிட்டால் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடை என்று நினைத்துக் குடும்பத்தோடு உள்ளே போய்விடுவீர்கள். கட்டடம் மேற்கே பார்த்திருக்கிறது. நான் போனது மத்தியானம் மூன்று மணிக்கு.

பொறியாளர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் 18. அவரோ கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். "காத்து நேரா கழுத்துல அடிக்குது சார், ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். ஏற்றி வைக்க வேண்டியதுதானே என்றேன். "ஏத்தினா ஜன்னல் பக்கம் உக்கார முடியாது. அந்தக் கண்ணாடியத் தொட்டுப் பாருங்க." தொட்டேன். தோசைக்கல். திறக்கலாமா என்று பார்த்தால் தாழ்ப்பாளே இல்லை. சும்மா பார்ப்பதற்கான ஜன்னல்.

மனிதர் முதுகுப் பக்கம் வெந்து, கழுத்துப் பக்கம் உறைந்து, நடுவில் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் வந்தது வெளியே வந்த பிறகு.

வெளியே நடை. ஒரு பக்கம் வரிசையாக அதிகாரிகளின் கதவுகள். எதிர்ச் சுவரில் தலை உயரத்துக்கு மேலே எட்டு ஏ.சி.க்களின் வெளி யூனிட்டுகள் உறுமிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே ஒரு நீளமான பெஞ்ச். அதில் மனுவும் கையுமாக ஏழெட்டுப் பேர். மின்விசிறிக்கான கொக்கி கூரையில் தொங்கியது, விசிறி இல்லை. ஒரு பாட்டி, குடிநீர் இணைப்புக்குப் பணம் கட்டி எட்டு மாதம் ஆகிறதாம், முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க ஏன் பாட்டி உக்காந்திருக்கீங்க?"

"வேற எங்க தம்பி உக்கார்றது? வெளிய வெயிலு. இங்கயாச்சும் காத்து வருதே."

அந்தக் காற்று என்ன காற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏ.சி. குளிர்ச்சியை உற்பத்தி செய்கிற எந்திரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சூட்டை இடம் மாற்றுகிற எந்திரம். அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளிக் கொட்டச் செலவான மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறி அதோடு சேர்ந்து வெளியேறும். ஒரு டன் ஏ.சி. என்றால் மணிக்கு மணி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். ஒன்றரை டன் என்றால் ஐந்தேகால் கிலோவாட். அது முழு வேகத்தில் ஓட இன்னொரு ஒன்றரை கிலோவாட் மின்சாரம். கூட்டினால் ஏறக்குறைய ஏழு கிலோவாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி முக்காலிலிருந்து ஒரு கிலோவாட். அதாவது ஒரு அதிகாரி குளுகுளுவென்று உட்கார, அந்தப் பாட்டியின் தலைக்கு மேல் ஏழு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி, அவற்றுக்குப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்திருக்கிறோம். எட்டு அதிகாரிகள், ஐம்பத்தாறு இஸ்திரிப் பெட்டிகள். கரன்ட் பில்லில் பாட்டியின் சொத்து வரியும் அடக்கம்.

(டன் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன். நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1840களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி ஏரியில் வெட்டிய ஐஸை மரத்தூள் போட்டுக் கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார். அதைப் பாதுகாக்கக் கட்டியதுதான் மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸும் துரைமார்களின் கோப்பைக்குத்தான் போனது. குளிர்ச்சி யாருக்கு என்ற கேள்வி நம் ஊரில் ரொம்பப் பழசு.)

நான் பி.காம். படித்தவன். கட்டடக் கலை எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கு கொஞ்சம் தெரியும். இந்தக் கண்ணாடிக் கட்டடம் எப்படி வருகிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும்.

கட்டடம் கட்டப் பணம் பெரும்பாலும் ஏதோ ஒரு திட்டத்தில், மாநில அரசின் நிதியாகவோ மத்திய அரசின் நிதியாகவோ வரும். அது மூலதனச் செலவு. திறப்பு விழா, கல்வெட்டு, ரிப்பன், எல்லாம் உண்டு. கரன்ட் பில் வருவாய்ச் செலவு. மாதாமாதம் நகராட்சியின் சொந்தக் கஜானாவிலிருந்து, அதாவது உங்கள் வரியிலிருந்து போகும். கல்வெட்டு கிடையாது. கட்டடத்துக்குப் படம் போடுகிறவர் ஒருத்தர், கட்டுகிற காண்ட்ராக்டர் ஒருத்தர், கட்டி முடித்த பிறகு 'வேகுது சார்' என்று ஏ.சி.க்கு டெண்டர் விடுகிறவர் இன்னொருத்தர், பில் கட்டுகிற கணக்காளர் நாலாவது ஆள். முதல் ஆள் செய்த தப்புக்கு நாலாவது ஆள் ஆயுள் முழுக்கத் தவணை கட்டுகிறார். ஒரு தனியார் முதலாளி இப்படிக் கட்டினால் ஒரே வருஷத்தில் பில்லைப் பார்த்துவிட்டு ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டுக் கேட்பார். இங்கே கேட்பதற்கு ஆளே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான். ஒரு கட்டடத்தில் 40 ஏ.சி. ஒன்று 45,000 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 18 லட்சம். இதற்கு டெண்டர், ஒப்பீட்டுப் பட்டியல், மன்றத் தீர்மானம், ஒரு கவுன்சிலர் வெளிநடப்பு எல்லாம் நடக்கும். இப்போது ஓட்டுங்கள். சராசரியாக மணிக்கு ஒன்றேகால் யூனிட், தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள். ஒரு ஏ.சி.க்கு 2,500 யூனிட். நாற்பதுக்கும் சேர்த்து ஒரு லட்சம் யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் வருஷம் 9 லட்சம். பத்து வருஷத்துக்கு, கட்டணமே ஏறாது என்று நம்புகிற அப்பாவிக்கு, 90 லட்சம். 18 லட்சத்துக்கு மூன்று கூட்டம் போட்டவர்கள் 90 லட்சத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் பேசுவதில்லை. அது எந்தத் தீர்மானத்திலும் வராது. மாதா மாதம் பில்லாக வந்து போய்விடும்.

அந்த 40 எப்படி 40 ஆனது என்பதுதான் முக்கியம்.

மேற்குப் பார்த்த சுவரில் பத்தடிக்குப் பன்னிரண்டடி சாதாரணக் கண்ணாடி வைத்தால், கோடைச் சாயங்காலத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 500 முதல் 600 வாட் வெயில் அதன் மேல் விழும். பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். மொத்தம் கிட்டத்தட்ட ஐந்து கிலோவாட். அதாவது ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழுக்க முழுக்க அந்த ஜன்னலோடு சண்டை போடுவதற்கே சரியாக இருக்கும். மனிதர்களுக்கு இன்னொன்று வேண்டும். நீலக் கண்ணாடி போட்டால் கொஞ்சம் குறையும், ஆனால் கண்ணாடியே சூடாகி அனலடிக்கும். நம் பொறியாளரின் முதுகைக் கேளுங்கள்.

கண்ணாடி முகப்பு குளிர்தேசத்துச் சரக்கு. அங்கே வெயில் விருந்தாளி. வருஷத்தில் பாதி நாள் காசு கொடுத்துக் கட்டடத்தைச் சூடாக்குகிறவர்கள், இலவசமாக வரும் வெயிலை உள்ளே கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்துக்கு ஹீட்டர் யோசிக்க வேண்டிய ஊர்கள் என்றால் ஊட்டி, கொடைக்கானல், இப்படி விரல் விட்டு எண்ணிவிடலாம். வெயிலைப் பிடித்து வைக்கும் கண்ணாடிக்கு நியாயமாக அங்கேதான் வேலை. நாமோ வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். 2003 மே 31-ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த ஊரில்தான் இத்தனை கண்ணாடி.

இன்னொரு விஷயம், இது படம் போடுகிறவர்களுக்கு. வெளிநாட்டுப் புத்தகத்தில் 'வடக்கு ஜன்னலில் வெயில் வராது' என்று போட்டிருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. கோடையில் நமக்கு வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். இதை நம் கொத்தனார்கள் கேட்காமலே வைத்தார்கள். இப்போது 'எலிவேஷன் கெட்டுப்போகும்' என்று எடுத்துவிடுகிறார்கள்.

நம்மிடம் இது எதுவும் தெரியாமல் இல்லை. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். 1913-ல் திறந்தது. லோகநாத முதலியார் கட்டினார். ஏழரை லட்சம் ரூபாய். தடிமனான செங்கல் சுவர், சுண்ணாம்பு, உயரமான கூரை, வெள்ளை நிறம். கட்டியபோது ஏ.சி. என்ற சொல்லே நம் ஊருக்கு வந்திருக்கவில்லை. இன்று அதற்குள்ளும் ஏ.சி. இருக்கிறது, அது வேறு கதை. நம் ஊர்ப் பழைய தாலுகா ஆபீஸ்களில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு. வெயில் அந்தக் கூரையைத் தாண்டி இறங்குவதற்குள் ஆபீஸ் மூடிவிடுவார்கள். சுற்றிலும் தாழ்வாரம். தாழ்வாரத்தின் அருமை இரண்டு: சுவரில் வெயில் படாது, வந்த மனிதன் நிழலில் நிற்பான். இப்போதைய படங்களில் தாழ்வாரத்தை 'வேஸ்ட் ஏரியா' என்று வெட்டிவிடுகிறார்கள். பாட்டி நின்ற இடம் வேஸ்ட் ஏரியா.

பழசெல்லாம் சொர்க்கம் என்று நான் கதைவிடவில்லை. அந்தக் கட்டடங்களில் கோப்புகளைக் கரையான் தின்றது, மழைக்கு ஒழுகியது, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இன்றைக்கு அறைக்குப் பத்து கம்ப்யூட்டர், வெளியே லாரி இரைச்சல், தூசி. கடலோர ஊர்களில் கசகசப்பு வேறு. ஏர்கூலர் வைத்தால் அங்கே இன்னும் புழுங்கும். சர்வர் அறைக்கு ஏ.சி. வேண்டும். கூட்ட அரங்குக்கு வேண்டும். 'நீ எழுதுகிற அறையில் ஏ.சி. இல்லையா?' என்று கேட்காதீர்கள், இருக்கிறது. பில்லை நான்தான் கட்டுகிறேன். அதனால்தான் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது.

நான் கேட்பதெல்லாம் வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். முதலில் வெயிலை வெளியே நிறுத்து. கூரையில் வெள்ளைத் தட்டோடு, மேற்கில் படிக்கட்டும் கழிப்பறையும் ஸ்டோர் ரூமும், ஜன்னலுக்கு நிழல், திறக்கிற ஜன்னல். அப்புறம் மின்விசிறி. பி.எல்.டி.சி. விசிறி முப்பது வாட் சொச்சம்தான் இழுக்கும். ஒரு ஒன்றரை டன் ஏ.சி.யின் கரன்ட்டில் நாற்பது, ஐம்பது விசிறி சுற்றும். விசிறிக் காற்று உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உணர்த்தும். அதற்கும் பிறகு வெக்கை மிச்சமிருந்தால் ஏ.சி. அதுவும் 24-ல். புது ஏ.சி.க்கள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் மத்திய அரசு விதியே இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. 18-க்கும் 24-க்கும் ஆறு டிகிரி. மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

'அரசாங்கத்துக்கு இதெல்லாம் வராதுங்க' என்று சொல்கிறவர்களுக்கு டெல்லியில் ஒரு பதில் நிற்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன். 2014-ல் திறந்தது. கட்டியது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி இல்லை, நம் மத்திய பொதுப்பணித் துறை. நடுவில் பெரிய திறந்த முற்றம், காற்று ஊடாடுகிற மாதிரி. பூமிக்கடியில் குழாய் பதித்துச் சூட்டை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். கூரையில் 930 கிலோவாட் சோலார். ஒரு வருஷத்துக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்ற இலக்கோடு கட்டியது. அதே டெண்டர், அதே எம்.புக், அதே ஆடிட் உள்ள துறை. டெல்லியில் முடிந்தது.

ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் ஒரு வேலை செய்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. மறு பாதியில் கூரைத் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். இரண்டையும் தனித்தனி மீட்டர் வைத்து அளந்தார்கள். தண்ணீர்ப் பாதிக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவு; கட்டின செலவும் கூடவில்லை. கடலோரத்தில் இதை அப்படியே போட்டால் கூரையே வேர்க்கும், காற்றின் ஈரத்தை முதலில் எடுத்தாக வேண்டும், அது தெரியும். எனக்குப் பிடித்தது குழாய் இல்லை, மீட்டர். அளந்து பார்த்தார்கள். உங்கள் நகராட்சிக் கட்டடத்தில் ஏ.சி.க்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று யாருக்காவது தெரியுமா?

பணமே இல்லை என்பவர்கள் திருவனந்தபுரம் போகலாம். லாரி பேக்கர் 1970களில் உள்ளூரில் கிடைக்கும் செங்கல்லால் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் அங்கே நிற்கிறது. சுவரிலேயே ஓட்டைகள் விட்ட செங்கல் ஜாலி. காற்று வரும், வெயில் வராது.

இப்போது மறுபடி அந்த பெஞ்சுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம் நிவாரணம். நல்ல முடிவு, சந்தேகமில்லை. 2025-ல் சென்னை மாநகராட்சி, சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பிகளுக்கு ஏ.சி. ஓய்வறை திறந்தது. அதையும் பாராட்டுகிறேன். ஆக, வெயிலில் அலைகிறவனுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி கொடுப்பது அரசின் கடமை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. கோடை வந்தால் எல்லா உள்ளாட்சியும் 'பகல் 11 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்' என்று நோட்டீஸ் அடிக்கிறது. அதே உள்ளாட்சி மனு வாங்குகிற நேரம் என்ன? ராத்திரியா? வரச் சொன்ன நேரத்தில் வந்தவர்களின் தலைமேல் சூட்டை ஊதுகிற கட்டடத்தை, பேரிடர் என்று அறிவித்த பிறகும் வரைந்துகொண்டிருக்கிறோம். நடையைத் தாழ்வாரமாக்கி, வெளி யூனிட்டுகளை மொட்டைமாடிக்கு ஏற்றி, கொக்கியில் ஒரு விசிறியை மாட்டப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். அது ஒரு படம் வரைபவனின் பத்து நிமிஷ வேலை, வரையும்போது. கட்டின பிறகு அது பத்து லட்ச ரூபாய் டெண்டர்.

துப்புரவுப் பணியாளர்களை மறந்துவிடாதீர்கள். வருகைப் பதிவுக்கு அவர்களும் அங்கேதான் வருகிறார்கள். அவர்களுக்கு பெஞ்சும் இல்லை.

உங்கள் ஊரில் புதுக் கட்டடம் வருகிறதா? அஸ்திவாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம், 2005. கேளுங்கள்: மேற்குச் சுவரில் எத்தனை சதுர அடி கண்ணாடி? குளிரூட்டும் சுமை எத்தனை டன் என்று யார் கணக்குப் போட்டது, எப்போது, படம் போடும் முன்பா, பின்பா? பத்து வருஷ மின்கட்டணம் எவ்வளவு என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி உண்டா? பொதுமக்கள் உட்காரும் இடத்தில் எத்தனை விசிறி, வெளி யூனிட்டுகள் எந்தச் சுவரில்?

அந்த ஊருக்கு நான் போட்டுவிட்டேன். 'தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகத்தில் தொகுக்கப்பட்டு வைக்கப்படவில்லை' என்று முப்பதாவது நாள் பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி ஓலை வந்திருக்கிறது, அதே கட்டடம், மத்தியானம் இரண்டரை மணி. பெஞ்சில் பாட்டி இருந்தால் குடிநீர் இணைப்பு கிடைத்ததா என்று கேட்டு எழுதுகிறேன்.